சுயமுன்னேற்றக் குறிப்புகளை எந்தத் தட்டில் வைப்பது?

தூயி தசமப் பகுப்பு முறைப்படி அடுக்கிய ஒரு நூலகத்துக்குள், "என் நாளை எப்படி உருப்படியாகச் செலவிடுவது?" என்ற கேள்வியோடு ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன்னை மேம்படுத்திக்கொள்வது பற்றிய நூல்கள் 158இல், உளவியலின் கீழ் இருக்கும். வேலையில் முன்னேறுவதும் நேர மேலாண்மையும் 650.1இல், வணிக நிர்வாகத்தின் பக்கம். சொந்த வாழ்க்கையை ஒழுங்குபடுத்துவது 646.7இல், தையலுக்குப் பக்கத்தில். வரவு செலவு 332.024இல், பொருளியலோடு. உறக்கமும் உடற்பயிற்சியும் 613. நினைவாற்றல் 153.1. கடமை, ஒழுக்கம் என்று போனால் 170. கேள்வி ஒன்றுதான், ஏறி இறங்க வேண்டிய தட்டுகள் ஏழு.

நூலகர்களின் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல இது. மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட முறை அறிவைத் துறைகளாகப் பிரித்தது. உளவியல் ஒரு துறை, வணிகம் ஒரு துறை, மருத்துவம் ஒரு துறை. காலையில் எழ முடியாமல் தவிக்கிறவரின் சிக்கலோ எந்தத் துறைக்கும் அடங்குவதில்லை. அதில் உறக்கம் இருக்கிறது, செல்பேசி இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது, வீட்டில் யார் எப்போது விளக்கை அணைக்கிறார்கள் என்பதும் இருக்கிறது.

நம்மில் பலர் இதே துறைப் பகுப்பைத்தான் சொந்தச் சேகரிப்பிலும் செய்துவைத்திருக்கிறோம். கணினியில் 'உடல்நலம்', 'பணம்', 'ஊக்கம்', 'படிப்பு' என்று கோப்புறைகள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொண்ட இணைப்புகள். பிறகு பார்க்கலாம் என்று யூடியூபில் சேமித்த காணொளிகள். இறக்கிவைத்த பிடிஎஃப் நூல்கள். புத்தகக் கண்காட்சியில் வாங்கி இருபது பக்கத்தோடு நின்றுபோன புத்தகங்கள். சேர்ப்பதில் யாருக்கும் குறையில்லை. தேவைப்படும் நேரத்தில் தேவையான ஒன்று கைக்கு வருகிறதா என்பதே கேள்வி. வருவதில்லை என்றால் அடுக்கிய விதத்தில் கோளாறு இருக்கிறது. இந்தக் கோளாறைப் பற்றி மிக ஆழமாக யோசித்தவர் சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியர்.

சீ. இரா. ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகவியல் கற்க லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்குச் சென்றபோது, அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகுகள். அதே துண்டுகளைக் கொண்டு ஒரு தடவை பாரந்தூக்கி செய்யலாம், மறு தடவை வண்டி செய்யலாம். பொருள்களுக்கு முன்கூட்டியே எண் கொடுத்து வைப்பதைவிட, கூறுகளை வைத்துக்கொண்டு வேண்டியபோது பொருத்திக்கொள்வது மேல் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறையின் அடிப்படை அதுதான். பின்னாளில் அந்தக் கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்தாக வகுத்தார்.

கேட்பதற்குத் தத்துவம் போல இருந்தாலும் இது நடைமுறைக்கு நெருக்கமானது. ஒரு தமிழ் நூலை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1903இல் ஜேம்ஸ் ஆலன் எழுதி வெளியிட்ட சிறு நூலை வ. உ. சிதம்பரனார் தமிழாக்கினார்; அது 'மனம்போல வாழ்வு' என்று 1909இல் வெளிவந்தது. சுதேசிக் கப்பல் விட்ட அவர், மேடையில் பேசியதற்காகச் சிறையில் இருந்த காலம் அது. விடுதலையான பிறகும் அவர் ஆலனை விடவில்லை. 1914இல் 'அகமே புறம்' வந்தது. தமிழில் சுயமுன்னேற்ற நூல் என்று இன்று நாம் சொல்லும் வகையின் தொடக்க காலத்து முக்கியமான பெயர் வ.உ.சி.தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த வியப்புக்கு ஒரு காரணம் அடுக்குமுறை. 'மனம்போல வாழ்வை' சுயமுன்னேற்றத் தட்டில் வைத்தால் விடுதலைப் போராட்டத்தைத் தேடுகிறவருக்குக் கிடைக்காது. வ.உ.சி. தட்டில் வைத்தால், மனம் சோர்ந்து ஒரு நல்ல புத்தகம் தேடி வருகிறவர் அந்தப் பக்கமே போகமாட்டார். மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கினால் இருவருக்கும் நட்டம்.

நூல் ஒரே தட்டில்தான் நிற்க முடியும். அதற்குச் செல்லும் வழிகள் பலவாக இருக்கலாம். ரங்கநாதன் இதற்காகவே ஒரு நூலின் பகுப்பு எண்ணிலுள்ள கண்ணிகளைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றுக்கும் அடைவில் பதிவு தரும் சங்கிலி முறையை உருவாக்கினார். நம் சொந்தச் சேகரிப்புக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. ஐந்து கூறுகளை எளிய கேள்விகளாக மாற்றிக்கொண்டால் போதும்: யாருக்கு, எதைக் கொண்டு, என்ன செய்ய, எங்கே, எப்போது. ரங்கநாதனின் கலைச்சொற்களுக்கு இவை நேர்ச் சொற்கள் ஆகமாட்டா. அவர் காட்டிய வழியில் நான் செய்துகொண்ட தழுவல்.

இந்த ஐந்தில் முதல் கேள்வியைத்தான் சுயமுன்னேற்ற எழுத்து பெரும்பாலும் விட்டுவிடுகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள் என்ற அறிவுரை யாருக்கு? நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அது பயன்படாது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் பயன்படாது. அறிவுரை தவறு என்று நான் சொல்லவில்லை. முகவரி எழுதாத கடிதமாக அது எல்லோர் வீட்டு வாசலிலும் வந்து விழுகிறது. தனக்கானது இல்லாத கடிதத்தைப் பிரித்துப் படித்து, தன்னால் முடியவில்லையே என்று நொந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். சேமிக்கும் எந்தக் குறிப்பின் தலையிலும் 'யாருக்கு' என்று ஒரு வரி எழுதும் பழக்கம் வந்தால், சேகரிப்பில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

இப்போது அடைவுக்கு வருவோம். படித்ததில் பிடித்ததை நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்தது. எழுதியதைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. தத்துவஞானி ஜான் லாக் இதற்கு ஒரு வழி வகுத்து, இருபத்தைந்து ஆண்டுகள் போலத் தானே கையாண்டு பார்த்துவிட்டு, 1686இல் பிரெஞ்சு மொழி இதழ் ஒன்றில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அது 1706இல் வந்தது. நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் கட்டம் போடுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து உயிர் எழுத்துகள் என்று மொத்தம் நூறு அறைகள். ஒரு குறிப்பின் தலைப்புச் சொல்லில் முதல் எழுத்தையும் அதற்குப் பின் வரும் முதல் உயிரையும் பார்ப்பார். 'எபிஸ்டோலா' (epistola) என்ற லத்தீன் சொல் என்றால் E என்ற எழுத்தின் கீழ் i என்ற அறை. அந்த அறையில் பக்க எண் இல்லையென்றால் நோட்டில் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து குறிப்பை எழுதி, எண்ணை அறையில் போடுவார்.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம், எந்தத் தலைப்புக்கும் முன்கூட்டிப் பக்கங்கள் ஒதுக்குவதில்லை என்பது. 'ஊக்கத்துக்கு இருபது பக்கம், உறக்கத்துக்கு இருபது பக்கம்' என்று பிரித்துவைத்தால் ஒன்று நிரம்பி வழியும், மற்றொன்று வெறுமையாகக் கிடக்கும். லாக்கின் நோட்டில் பக்கங்கள் வருகிற வரிசையில் நிரம்புகின்றன. ஒழுங்கு முழுவதும் அந்த இரண்டு பக்க அடைவில் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவருக்கு இது இன்னும் எளிது. மெய்யும் உயிரும் சேர்ந்தே நம் எழுத்து நிற்பதால், லாக் இரண்டு படிகளில் கண்டுபிடித்ததை நாம் சொல்லின் முதல் எழுத்திலேயே பெற்றுவிடுகிறோம். 'காலம்' கா அறைக்கு, 'தூக்கம்' தூ அறைக்கு, 'சேமிப்பு' சே அறைக்கு. சொல்லுக்கு முதலில் வரும் மெய்கள் சிலவே என்பதால் நெட்டில் அவற்றையும் குறுக்கில் பன்னிரண்டு உயிர்களையும் போட்டால் ஒரே தாளில் அடைவு அடங்கிவிடும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் செய்யக்கூடிய காரியம் இது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபின் உச்சம் என்று ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனின் சீட்டுப் பெட்டியைச் சொல்வார்கள். 1950களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய இறுதிக்காலம் வரை அவர் எழுதிச் சேர்த்த சீட்டுகள் 90,000 அளவில் இருக்கும். இப்போது அவை பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்திடம் உள்ளன. ஒவ்வொரு சீட்டுக்கும் மாறாத எண் உண்டு. ஒரு சீட்டின் கருத்தை வளர்க்கும் புதுச் சீட்டு அதன் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு பின்னால் போய் உட்காரும். தொலைவிலுள்ள சீட்டுகளுக்கு எண் குறித்து இணைப்பு தரப்படும். இந்த முறையைச் செயலிகளாகவும் பயிற்சி வகுப்புகளாகவும் இன்று விற்கிறார்கள். அந்த விற்பனையில் விடுபட்டுப்போகும் செய்தி ஒன்று இருக்கிறது. பீலஃபெல்டில் 1969இல் தொடங்கிய சமூகவியல் துறையில் சேர்ந்தபோது, உங்கள் ஆய்வுத் திட்டம் என்ன என்று கேட்டதற்கு, சமூகத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு, காலம் முப்பது ஆண்டு, செலவு இல்லை என்று லூமன் பதில் கொடுத்தார். அந்தக் கோட்பாட்டின் நிறைவு நூல் 1997இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். முப்பது ஆண்டுக் கேள்வி ஒன்று இருந்ததால்தான் சீட்டுகள் ஒன்றோடொன்று பேசின. கேள்வி இல்லாதவரிடம் அதே பெட்டியைக் கொடுத்தால் சீட்டுகள் பெருகும், அவ்வளவுதான்.

அடுக்குவதே வேலையாகிவிடும் ஆபத்துக்குச் சான்றும் இருக்கிறது. ஸ்டீவ் விட்டேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 345 பேர் தங்கள் பழைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்த 85,000க்கும் மேற்பட்ட தருணங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். கோப்புறைக்குள் கோப்புறையாகப் பார்த்துப் பார்த்துப் பிரித்துவைத்தவர்கள், தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டி எடுத்தவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அடுக்கச் செலவிட்ட நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. மின்னஞ்சலுக்குச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நான் நீட்டமாட்டேன். தேடுவதற்குச் சொல் தெரிந்த இடத்தில் கோப்புறை வேண்டியதில்லை என்பதுவரை ஏற்கலாம். சுயமுன்னேற்றக் குறிப்புகளில் சிக்கல் வேறு: தேவை வரும்போது எந்தச் சொல்லைத் தேடுவதென்றே நமக்குத் தெரிவதில்லை. மனம் சோர்ந்து கிடப்பவர் 'செயல்திறன்' என்று தேடுவதில்லை. அதனால் குறிப்பின் தலைப்பு துறையின் பெயராக இருப்பதைவிட, அது தேவைப்படும் தருணமாக இருப்பது நல்லது.

திருக்குறளின் பொருட்பாலில் இத்தகைய அடுக்கைப் பார்க்கலாம். பரிமேலழகர் வைப்புமுறையில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு காரியத்தில் இறங்கப்போகிறவன் வரிசையாக எதையெல்லாம் பார்க்க வேண்டுமோ அந்த வரிசை. ஊக்கமும் சோம்பலின்மையும் முயற்சியும் துன்பத்தில் தளராமையும் 60 முதல் 63 வரை தனிக் கொத்தாக வருகின்றன. அது இறங்கிவிட்டவனின் நிலை. அரசனை முன்னிறுத்திச் சொன்னவைதான் என்றாலும், செய்கிறவன் எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்பதை வைத்து அடுக்கிய நூலாக இதைப் படிக்க இடமிருக்கிறது.

தருணத்தைத் தலைப்பாக வைப்பதற்கு உளவியல் ஆய்விலும் ஆதரவு உண்டு. 'இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டிச் சொல்லி வைத்துக்கொள்ளும் திட்டத்தைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்துவருகிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெறும் விருப்பத்தோடு நிற்பதைவிட இப்படித் திட்டம் வைத்துக்கொள்வது இலக்கை எட்டுவதில் நடுத்தரத்துக்கும் மேலான பயன் தருவதாகத் தெரிந்தது. ஆக, 'கவனச்சிதறல்' என்ற தலைப்பில் பத்துக் குறிப்புகள் இருப்பதைவிட, 'படிக்க உட்கார்ந்ததும் கை செல்பேசிக்குப் போகும்போது' என்ற தலைப்பில் ஒன்று இருப்பது செயலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்தது, குறிப்பின் மெய்த்தன்மை. ஒரு பழக்கம் படிய 21 நாள் என்று கேள்விப்படாதவர் குறைவு. அந்த எண்ணின் ஊற்று, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூல். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதுத் தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். கைமாறிக் கைமாறி 'குறைந்தது' உதிர்ந்தது, அறுவையும் உதிர்ந்தது, எண் மட்டும் மிஞ்சியது. ரங்கநாதன் படித்த அதே லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லேலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது போன்ற ஒரு செயலைத் தேர்ந்து அன்றாடம் செய்தார்கள். 2010இல் அச்சான அந்த ஆய்வின்படி செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. வீச்சோ 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அந்த 254 கூட, 84 நாள் தரவிலிருந்து கணக்கிட்டு நீட்டிய எண். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு இந்தக் கடைசிச் செய்தி 66ஐவிட முக்கியமாகப் படுகிறது. இப்போது பல இடங்களில் 21ஐ அடித்துவிட்டு 66 என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வீச்சையும் நிபந்தனையையும் விட்டுவிட்டால் 66உம் அதே வழியில்தான் போகும்.

சேகரிப்பை நிபந்தனையோடு அடுக்குவது எப்படி என்பதற்கு நான் கண்டதில் நல்ல மாதிரி, ஜான் டன்லோஸ்கியும் நான்கு உளவியலாளர்களும் 2013இல் எழுதிய நீண்ட மதிப்பீடு. மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு உத்திகளை எடுத்துக்கொண்டு, எந்த மாணவருக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்தச் சூழலில், எந்த வகைத் தேர்வுக்கு அது உதவுகிறது என்று ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்நிலை பெற்றன. அடிக்கோடு போடுவதும், திரும்பத் திரும்பப் படிப்பதும், சுருக்கி எழுதுவதும் கீழே இறங்கின. ரங்கநாதனைப் படித்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. இருந்தும் யாருக்கு, எதற்கு, எங்கே என்ற அதே கூறுகளுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் ஒரே சீட்டில் இறக்கிப் பார்க்கலாம். பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர் ஒருவர். தலைப்பு: 'நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லாதபோது'. செய்ய வேண்டியது: புத்தகத்தை மூடி வைத்து, நினைவில் உள்ளதைத் தாளில் எழுது, பிறகு திறந்து சரிபார், நாளை ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. எங்கிருந்து: ரோடிகர், கார்ப்பிக், 2006. யாரிடம் சோதித்தது: கல்லூரி மாணவர்கள், உரைநடைப் பகுதிகள். எச்சரிக்கை: ஐந்து நிமிடத்தில் தேர்வு என்றால் மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது தன்னைச் சோதித்தவர்கள் முந்தினார்கள். கடைசியில் ஒரு வெற்று வரி: நான் செய்து பார்த்த தேதி, என்ன ஆயிற்று. அந்த எச்சரிக்கை வரி இல்லையென்றால், தேர்வு மண்டப வாசலில் நின்று இந்தச் சீட்டைக் கையாண்டு, ஏமாந்து, முறையே பொய் என்று முடிவு கட்ட வாய்ப்பிருக்கிறது. கடைசி வெற்று வரி இரண்டு மாதமாக வெறுமையாகவே கிடந்தால் அந்தச் சீட்டு அவருக்குத் தேவைப்படாத ஒன்று, வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

நூலகம் வளரும் உயிர் என்பது ரங்கநாதன் வகுத்த நூலக விதிகளில் ஐந்தாவது. வளரும் நூலகங்கள் பழசானதைக் கழிக்கவும் செய்கின்றன. வீட்டுச் சேகரிப்பில் நாம் செய்யத் தயங்குவது இந்தக் கழித்தலைத்தான். ஆனால் சில சீட்டுகளைக் கிழித்துப் போடுவதைவிட அடித்து வைத்துக்கொள்வது பயன் தரும். மனவுறுதி என்பது செலவழிந்து தீரும் இருப்பு; காலையில் ஓர் ஆசையை அடக்கினால் மாலைக்குள் குறைந்துவிடும் என்ற கருத்தை ராய் பௌமைஸ்டரும் குழுவினரும் 1998இல் ஆய்வாக முன்வைத்தார்கள். எத்தனையோ சுயமுன்னேற்ற நூல்கள் அதன்மேல் கட்டப்பட்டன. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் மறுபடி சோதித்தபோது விளைவு ஏறக்குறைய சுழியில் வந்து நின்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை. இப்படிப்பட்ட சீட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் '2016, 23 ஆய்வகங்கள்' என்று எழுதி, அதே இடத்தில் வைத்துவிடலாம். அடுத்த ஆண்டு புத்தகக் கண்காட்சியில் வாங்கும் புது நூலில் அந்தக் கருத்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். அப்போது நோட்டின் ம வரிசையைத் திறந்தால் கோடு போட்ட பதிவு அங்கே இருக்கும்.